யாருடைய அரை நொடி?

எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மின்ரயில் தடத்தில்தான் சென்னையின் முதல் காகிதமில்லாப் பயணச்சீட்டு, 2015 ஏப்ரலில், போனுக்குள் வந்தது. பத்தாண்டுகள் ஓடிவிட்டன. இன்று குரோம்பேட்டையில் வசிக்கும் ஒருவர் ரயில் சீட்டு, தாம்பரம் மாநகராட்சிக்கான சொத்துவரி, மின்கட்டணம், பிள்ளையின் தேர்வு விண்ணப்பம் என எல்லாவற்றையும் ஒரு கண்ணாடித் திரையைத் தொட்டே முடிக்க வேண்டியிருக்கிறது. தொட்ட பின் திரை அசையாமல் நின்றால் என்ன செய்வார்? இன்னொரு முறை தொடுவார். பக்கத்தை மூடித் திறப்பார். பணம் போய்விட்டதா இல்லையா என்று வங்கியின் குறுஞ்செய்தியைத் தேடுவார். பெரும்பாலும் அவர் குறை சொல்வது ‘நெட்’டை, வயதில் மூத்தவர் என்றால் தன்னையே. “எனக்கு இதெல்லாம் சரியா வராதுப்பா” என்று போனைப் பேரனிடம் நீட்டிவிடுவார். அவர்மேல் தவறில்லை. நெட்வொர்க் மேலும் பல நேரங்களில் தவறில்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் நிரலில், ‘இந்த வேலையை அப்புறம் செய்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அது தப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மென்பொருள் எழுதுபவர்களின் உள்விவகாரம்போலத் தெரியும் இந்தச் சின்ன விஷயத்தை, வரி கட்டும் எல்லோரும் கேள்வி கேட்க வேண்டிய விஷயமாகவே நான் கருதுகிறேன்.

‘அப்புறம்’ என்பதைத் தமிழில் இரண்டு விதமாகச் சொல்கிறோம். “பால் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிடு” என்பது ஒன்று. “ஐந்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிடு” என்பது இன்னொன்று. முதலாவது பாலைப் பார்க்கச் சொல்கிறது. இரண்டாவது கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறது. அதே அடுப்பு, அதே பாத்திரம், அதே அளவு பால் என்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். பால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருந்தாலோ, சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தாலோ ஐந்து நிமிடத்தில் காயாத பால்தான் மிஞ்சும். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. ‘செட்டைம்அவுட்’ என்றொரு கட்டளை இருக்கிறது. “ஐநூறு மில்லிநொடி, அதாவது அரை நொடி, கழித்து இதைச் செய்” என்று அதனிடம் சொல்லலாம். அதுவும் சரியாக அரை நொடியில் நடக்கும் என்ற உறுதி கிடையாது. அரை நொடிக்கு முன்னால் நடக்காது என்பது மட்டுமே உறுதி. மற்ற வழிகள் நிகழ்ச்சியைப் பார்ப்பவை: பட்டியல் வந்துசேர்ந்ததும், திரை வரையப்பட்டதும், பயனர் விரலை எடுத்ததும். நம் ஊரில் நிரல் எழுதுகிறவர்களிடையே “ஒரு டிலே போட்டுடு, சரியாயிடும்” என்ற வாக்கியம் சாதாரணமாகப் புழங்குகிறது. அந்த ‘டிலே’ கடிகாரத்தைப் பார்ப்பது. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். மாவட்டம் என்ற இடத்தில் செங்கல்பட்டைத் தேர்ந்தெடுத்தால், அந்த மாவட்டத்து வட்டங்களின் பட்டியல் சர்வரிலிருந்து வரவேண்டும். அதில் பல்லாவரம் இருக்கும். குரோம்பேட்டைக்காரர் அதைத் தேர்வார். ஏற்கெனவே பாதி நிரப்பிச் சேமித்த படிவத்தை மறுபடி திறக்கும்போது, நிரலே செங்கல்பட்டையும் பல்லாவரத்தையும் அந்தந்த இடத்தில் நிரப்பித் தர வேண்டும். இதை எழுதுபவர் மாவட்டத்தை நிரப்புகிறார். அரை நொடி காத்திருந்து வட்டத்தை நிரப்பச் சொல்கிறார். அவருடைய மேசையில் புது மடிக்கணினி, அலுவலக வைஃபை. பட்டியல் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் வந்துவிடுகிறது. அரை நொடி என்பது அவருக்குத் தாராளம். வேலை முடிந்தது, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். மாலை ஆறு மணிக் கூட்டத்தில் குரோம்பேட்டை நடைமேடையில் நிற்பவரின் மலிவு விலை போனில் அதே பட்டியல் வர இரண்டு நொடி ஆகிறது. அரை நொடியில் டைமர் எழுந்து பார்க்கிறது, பட்டியல் காலி, பல்லாவரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒன்றும் செய்யாமல் போய்விடுகிறது. பிறகு பட்டியல் வருகிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை. சமர்ப்பிக்கும்போது ‘வட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. சேமித்த தகவல் அழிந்துவிட்டதோ என்று அவர் பதறுகிறார். எழுதியவரின் கணினியில் ஆயிரம் முறை சோதித்தாலும் இந்தப் பிழை அகப்படாது. அந்த அரை நொடி அவருடைய கணினியை வைத்து அளக்கப்பட்டது. ஆனால் தண்டம் கட்டுவது வேறொருவர்.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று புரிய, பிரவுசர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரெண்டன் ஐக் 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்து நாட்களில் வடித்த மொழி ஜாவாஸ்கிரிப்ட். ஒரு பக்கத்தில் அது ஒற்றைத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. நிரலை ஓட்டுவது, விரல் தொட்டதைக் கவனிப்பது, திரையை வரைவது எல்லாம் அந்த ஒரே தடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. ராதா நகர் ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நீளமான சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கும்போது கேட்டைத் திறக்க முடியாது; ஆம்புலன்ஸ் வந்தாலும் கடைசிப் பெட்டி போகும்வரை நிற்க வேண்டியதுதான். நிரலில் அந்தச் சரக்கு ரயில், இடைவெளி விடாமல் ஓடும் ஒரு நீண்ட கணக்கு. விரல் தொடுகை கேட்டுக்கு வெளியே நிற்கிறது. நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் போனில் ஒரு காட்சிக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடிதான். 50 மில்லிநொடிக்கு மேல் தடத்தை அடைத்துக்கொள்ளும் எந்த வேலையையும் ‘நீண்ட வேலை’ என்றே பிரவுசர் துறையில் வகைப்படுத்துகிறார்கள். பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால்தான் மனிதருக்கு அது ‘உடனே’ என்று தோன்றும் என்பது 1968-ல் ராபர்ட் மில்லர் எழுதிய கட்டுரையிலிருந்தே கணினித் துறைக்குத் தெரியும். 2024 மார்ச் 12 முதல் கூகுள், இணையதளங்களின் தரத்தை மதிப்பிடும் முக்கிய அளவுகளில் ஒன்றாக, தொட்டதிலிருந்து திரை அசையும்வரை ஆகும் நேரத்தைச் சேர்த்திருக்கிறது. 200 மில்லிநொடிக்குள் என்றால் நன்று. 500-ஐத் தாண்டினால் மோசம்.

ஆகவே வேலையைத் தள்ளிப்போடுவது தவறே இல்லை. ஒற்றைத் தடத்தில் எதையாவது பின்னுக்குத் தள்ளாமல் முன்னுக்குப் போக வேண்டியதற்கு வழிவிட முடியாது. எதற்குப் பின் எது என்ற வரிசையை யார் தீர்மானிப்பது, எதைப் பார்த்துத் தீர்மானிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இணையப் பக்கம் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்குகளின் வரலாற்றில் பெரிய பங்கு இந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான். எம்பர் என்ற ஃபிரேம்வொர்க் தன் முன்னோடியான ஸ்ப்ரவுட்கோரிலிருந்து ஒரு ‘ரன் லூப்’ஐச் சுவீகரித்தது. செய்ய வேண்டிய வேலைகளைப் பெயரிட்ட வரிசைகளில் அது அடுக்குகிறது: முதலில் பொதுவான செயல்கள், அப்புறம் பக்கம் மாறும் வேலைகள், அப்புறம் திரையை வரைவது, வரைந்து முடித்ததும் செய்ய வேண்டியவை, கடைசியில் துப்புரவு. நிரல் எழுதுபவர் ‘அரை நொடி கழித்து’ என்று ஊகிக்க வேண்டியதில்லை. ‘வரைந்து முடித்ததும்’ என்ற வரிசையில் தன் வேலையைப் போட்டுவிடலாம். பால் பொங்கியதும் என்பதற்கு நேரான கட்டளை அது. அதோடு, பத்து இடங்களில் மதிப்பு மாறினாலும் பத்து முறை திரையை வரையாமல், எல்லாம் மாறிய பின் ஒரே முறை வரையும் சிக்கனமும் அதில் இருக்கிறது.

வரிசையை வகுப்பது நிபுணர்களுக்கே எளிதாக இருந்ததில்லை. வியூ என்ற ஃபிரேம்வொர்க்கில் ‘நெக்ஸ்ட்டிக்’ என்று ஒன்று உண்டு. தரவு மாறியதைத் திரையின் அமைப்பில் சேர்த்தபின் இதைச் செய் என்று பொருள். பிரவுசரில் ‘அப்புறம்’ இரண்டு தரத்தில் இருக்கிறது: நடப்பு வேலை முடிந்த கையோடு, திரையை வரைவதற்கும் முன்பே ஓடிவிடுவது ஒன்று, தடத்தை விட்டுக்கொடுத்து, மற்றவர்களுக்கும் திரைக்கும் வாய்ப்புத் தந்து, தன் முறைக்குக் காத்திருப்பது மற்றொன்று. 2017-ல் வெளியான வியூ 2.5, பயனர் தொடுகையிலிருந்து எழும் மாற்றங்களுக்கு இரண்டாவது தரத்தைத் தேர்ந்தது. அதனால் வேறு சிக்கல்கள் முளைத்தன. 2019-ல் வந்த 2.6-ல் மறுபடி முதலாவதற்கே திரும்பினார்கள். இதேபோன்ற இன்னொரு கருவியான ரியாக்ட் 2017-ல் தன் உள் எந்திரத்தையே புதிதாக எழுதியது. நீண்ட வேலையைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுகளுக்கு நடுவே கேட்டைத் திறந்து பார்ப்பதற்கான அடித்தளம் அது. 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18-ல்தான் ‘இது அவசரம், இது பொறுக்கும்’ என்று பிரித்துச் சொல்லும் வழி எல்லோருக்கும் கிடைத்தது. ஆங்குலர் என்ற ஃபிரேம்வொர்க் 2023 நவம்பரில், பக்கத்தின் ஒரு பகுதி பார்வைக்கு வரும்போதோ பிரவுசர் சும்மா இருக்கும்போதோ மட்டும் அதற்கான நிரலை இறக்கிக்கொள்ளும் வசதியைத் தந்தது. 2024-ல் குரோம் பிரவுசர், நீண்ட வேலையின் நடுவே தடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும் கட்டளையையே மொழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டது. உலகின் தேர்ந்த பொறியாளர்கள் இத்தனை ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டது கடிகாரத்தை நம்பாமல் வரிசையை வகுக்கத்தான். அந்த உழைப்பு முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அரை நொடி என்று ஒரு எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த எண் சும்மா இருப்பதுமில்லை. ஆங்குலரில் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை நன்றாகத் தெரியும்: சரிபார்த்து முடித்த பிறகு மதிப்பு மாறியிருக்கிறது என்று, உருவாக்கும் கட்டத்தில் மட்டும், சிவப்பில் கத்தும். தரவு ஓடும் திசையில் ஏதோ குழப்பம் இருக்கிறது என்பதன் அறிகுறி அது. பலர் செய்யும் வைத்தியம், அந்த வரியைச் சுழிய நொடி டைமருக்குள் போட்டுவிடுவது. எச்சரிக்கை மறையும், குழப்பம் அப்படியே இருக்கும். ஆங்குலரில் நெடுங்காலம் வழக்கமாக இருந்த அமைப்பில் ஒவ்வொரு டைமர் எழும்போதும் பக்கத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒருமுறை சரிபார்க்கும் வேலை நடக்கும். ஆகவே வாயடைக்கப் போட்ட டைமர் கூடுதல் சுமையையும் ஏற்றிவிடுகிறது. ரியாக்ட்டிலும் 17-ஆம் பதிப்புவரை, டைமருக்குள் மூன்று மதிப்புகளை மாற்றினால் மூன்று முறை தனித்தனியாக வரைந்தது; ஒன்றாகச் சேர்த்து வரைவது 18-ல்தான் அங்கும் வந்தது. விலை உயர்ந்த கணினியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது. ஆறேழாயிரம் ரூபாய் போனில் அது விரலுக்குத் தெரியும்.

நம் நாட்டுச் சூழலில் கடிகாரத்தை நம்புவதில் இன்னொரு ஆபத்து உண்டு. அது ஓ.டி.பி. பணம் கட்டும் பல பக்கங்கள் ஒரு கட்டத்தில் குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கேட்கின்றன. பலரும் பிரவுசரை விட்டு வெளியே போய், செய்தியைத் திறந்து, எண்ணை மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். இடைப்பட்ட நேரத்தில் பக்கம் பின்னணிக்குப் போய்விடுகிறது. பின்னணியில் இருக்கும் பக்கத்தின் டைமர்களைப் பிரவுசர், பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக, வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. நொடிக்கு ஒரு முறைக்கு மேல் ஓட விடுவதில்லை. 2021-ல் வந்த குரோம் 88 முதல், நீண்ட நேரம் மறைந்திருக்கும் பக்கத்தின் தொடர் டைமர்கள் நிமிடத்துக்கு ஒரு முறைதான் எழும். போனில் பக்கம் முழுவதுமாக உறைந்துபோகவும் கூடும். நொடிக்கு ஒன்று குறைத்து எண்ணும் ‘இன்னும் 90 நொடி’ என்ற எண்ணிக்கை, திரும்பி வருபவருக்குப் பொய்யான எண்ணைக் காட்டும்; உண்மையில் கெடு முடிந்திருக்கும். கெடு எந்த நேரத்தில் முடிகிறது என்பதைக் குறித்துவைத்து, பக்கம் மறுபடி கண்ணுக்கு வந்ததும் இப்போதைய நேரத்தோடு கழித்துப் பார்த்தால் இந்தத் தவறே நேராது. மீண்டும் அதே ‘வந்ததும்’தான். (நெடுநாள் தள்ளிவைப்பிலும் ஒரு பொறி இருக்கிறது: செட்டைம்அவுட்டுக்கு ஏறக்குறைய 24.8 நாட்களுக்கு மேல் எண்ணத் தெரியாது. ஒரு மாதம் கழித்து என்று சொன்னால் அந்த வேலையை அது உடனேயே செய்துவிடும்.)

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதலாவது, போன்கள் ஆண்டுக்காண்டு வேகமாகின்றன, பிரச்சினை தானே தீரும் என்பது. வேகமாவது உண்மைதான், கூடவே பக்கங்களும் பருத்துக்கொண்டே போகின்றன. இன்று போனில் திறக்கும் நடுத்தரமான ஓர் இணையப் பக்கமே அரை மெகாபைட்டுக்கு மேல் ஜாவாஸ்கிரிப்டை இறக்குகிறது. தவிர, புதுப் போன் வாங்குபவருக்கும் நான்கு ஆண்டு பழைய போனைத் தம்பியிடமிருந்து வாங்கிப் பயன்படுத்தும் அக்காவுக்கும் நடுவே உள்ள தூரம் மாறுவதே இல்லை. ஊகித்து எழுதிய எண் எப்போதும் முன்னால் இருப்பவரின் போனுக்குத்தான் பொருந்தும். இரண்டாவது வாதம் இதைவிட வலுவானது: தாமதத்துக்கு உண்மையான காரணம் சர்வர்தான், பிரவுசர் நிரல் அல்ல. காலை பத்து மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும் பதினொன்றுக்கு மற்ற வகுப்புகளுக்கும் தட்கல் திறக்கும் நிமிடத்தில் நாடு முழுவதும் ஒரே வாசலில் முண்டுகிறது. அந்த நெரிசலைப் போனுக்குள் எழுதிய எந்த வரிசையும் தீர்த்துவிடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘உங்கள் தொடுகை கிடைத்தது, பதிலுக்குக் காத்திருக்கிறோம்’ என்று பட்டனின் நிறத்தை மாற்றிக் காட்ட சர்வர் தேவையில்லை. அந்த ஒரு அசைவு முதலில் நடந்து, மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்றால், பயனர் இரண்டாம் மூன்றாம் முறை அழுத்த மாட்டார். நெரிசலான சர்வருக்கு வீண் கோரிக்கைகள் போவதும் அந்த அளவுக்குக் குறையும்.

ஃபிரேம்வொர்க் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் சிலரிடம் உண்டு. ஃபிரேம்வொர்க் தன் வேலைகளைத்தான் வரிசைப்படுத்தும். பத்தாயிரம் பெயர்களை ஒரே மூச்சில் வடிகட்டும் நிரலை நாம் எழுதி அதன் கையில் கொடுத்தால், அதை நடுவில் வெட்டும் அதிகாரம் அதற்குக் கிடையாது. வெட்டும் இடங்களை நாம்தான் விட்டுவைக்க வேண்டும். நிரல் எழுதும் இளைஞர்களைக் குறை சொல்வது நியாயமா என்று கேட்டால், அவர்கள்மேல் முழுப் பழியையும் போட நான் தயாரில்லை. இரவு பதினொன்றுக்கு, மறுநாள் வெளியிட வேண்டிய பக்கத்தில், ஒரு டைமர் போட்டால் சரியாகிவிடுகிறது என்றால் யாரும் போடத்தான் செய்வார்கள். பணம் கொடுத்து வாங்குபவர் அந்தப் பக்கத்தை எந்தக் கருவியில் சோதித்து வாங்குகிறார் என்பதே நான் கேட்க விரும்புவது.

எனக்கு மிகவும் உறுத்தும் எதிர்வாதம் வேறு. தள்ளிப்போடுவதில் ஒரு ஏமாற்று நுழைய இடமிருக்கிறது. தொட்டவுடன் பச்சை நிறத்தில் ‘முடிந்தது’ என்று காட்டிவிட்டு, உண்மையான வேலையைப் பின்னால் வைத்தால், அதற்குள் பயனர் பக்கத்தை மூடிவிடலாம், போன் அணையலாம், ரயில் சுரங்கப் பாதைக்குள் போகலாம். வேலை நடக்கவே இல்லை, ஆனால் நடந்துவிட்டதாக அவர் நம்பிக்கொண்டிருப்பார். சமூக வலைத்தளத்தில் விருப்பக்குறி போடுவதற்கு இது பரவாயில்லை. கட்டணத்துக்கும் விண்ணப்பத்துக்கும் இதை அனுமதிக்கவே கூடாது. ‘பெற்றுக்கொண்டோம்’ என்பதும் ‘முடித்துவிட்டோம்’ என்பதும் வேறு வேறு சொற்கள். தபால் அலுவலகத்தில் அன்று பதிவுத் தபாலுக்குத் தந்த ரசீதும், ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் வேறு வேறாக இருந்ததுபோல. முதலாவதை உடனே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இரண்டாவதை சர்வரின் பதில் வந்ததும் மட்டுமே சொல்ல வேண்டும். எதைத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது என்ற பகுப்பு இங்கே நுட்பம் தாண்டிப் பயனரிடம் காட்டும் நேர்மையாகிவிடுகிறது.

குரோம்பேட்டையின் பெயரே இங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. தோலைப் பதப்படுத்தும் வேலையில் எது எதற்கு முன், எது ஊறியபின் எது என்ற வரிசை தெரியாமல் ஒன்றும் நடந்திருக்காது. 1949-ல் சி. ராஜம் இதே ஊரில் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக, கணினிப் பொறியியலும் கற்பிக்கிறது. அங்கும் மாநிலத்தின் மற்றப் பொறியியல் கல்லூரிகளிலும் இயங்குதளப் பாடத்தில், ஒரே செயலியை நாடி நிற்கும் பல வேலைகளை எப்படி வரிசைப்படுத்துவது என்பதைக் கட்டம் போட்டுக் கணக்காகச் செய்கிறார்கள்: முதலில் வந்ததற்கு முதலிடம், குறுகியதற்கு முதலிடம், முன்னுரிமைப்படி, சுழற்சி முறை. இணையப் பக்கத்தில் ‘டிலே போட்டுடு’ என்று சொல்லும் அதே மாணவர் அந்தக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். இரண்டும் ஒரே பிரச்சினை என்று அவருக்கு யாரும் இணைத்துக் காட்டவில்லை. அதற்குப் புதுப் பாடத்திட்டம் தேவையில்லை. ஆய்வக வகுப்பில் ஒரு மலிவு போனை மேசையில் வைத்து, மாணவர் எழுதிய படிவத்தை அதில் திறந்து, தொட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.

கொள்முதல் செய்யும் பக்கத்திலும் இது சாத்தியமே. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-ல் வெளியாகின. மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. அந்த நெறிகள் ஒருபுறம் இருக்க, மாநகராட்சியோ தேர்வு அமைப்போ மென்பொருள் வாங்கப் போடும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியைச் சேர்க்கலாம்: சந்தையில் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், மூன்று ஆண்டாவது பழைய ஆண்ட்ராய்டு போனில், கூட்டமான நேரத்து மொபைல் நெட்வொர்க்கில், ஒவ்வொரு பட்டனும் தொட்ட 200 மில்லிநொடிக்குள் திரையில் ஏதாவதொரு அசைவைக் காட்ட வேண்டும், ஓ.டி.பி. வாங்கப் போய்த் திரும்பியவருக்கு மிச்ச நேரத்தைச் சரியாகக் காட்ட வேண்டும். இவற்றை நிறைவேற்றாத பக்கத்துக்குக் கடைசித் தவணை கிடையாது. சோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு அந்தப் போனோடு குரோம்பேட்டை நடைமேடையில், இரண்டு ரயில்கள் வந்து போகும் நேரம் நின்றால் தெரிந்துவிடும்.